எந்த ஊர் நீதிமன்றம்? மும்பைத் தமிழரின் மணமுறிவும் குழந்தைக் காப்பும் – ஒரு சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓரூரில் மணந்து வேறோர் ஊரில் வாழ்வது புலம்பெயர் குடும்பத்தின் இயல்பு. திருநெல்வேலிச் சீமைச் சிற்றூரில் தாலி கட்டி, தாராவியில் குடும்பம் நடத்தி, பிள்ளையைச் சில ஆண்டுகள் ஊரில் ஆச்சியிடம் விட்டு வளர்ப்பது மும்பைத் தமிழரிடையே காணப்படும் வழக்கமாகும். இல்லறம் இனிதே நடக்கும்வரை இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே முரண் எழுவதில்லை. கணவன் மனைவியர் பிரியும்போதுதான், எந்த ஊரின் வழக்கம் செல்லும், எந்த மாநிலத்தின் சட்டம் பொருந்தும், எந்த நீதிமன்றம் விசாரிக்கும், குழந்தை எந்த ஊர்க் குழந்தை என்னும் வினாக்கள் ஒருங்கே எழுகின்றன.

மும்பைத் தமிழரைப் பற்றிய ஆய்வுகள் தொழில், குடியிருப்பு, சங்கம், கோயில், இயக்கம் ஆகியவற்றைப் பேசிய அளவுக்குக் குடும்ப வழக்குகளைப் பேசவில்லை. தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் தாராவிக்கு வந்த தென்மாவட்ட உழைக்கும் மக்கள், அலுவலகப் பணியை நாடி மாதுங்காவில் குடியேறிய நடுத்தர வகுப்பினர், விடுதலைக்குப் பின் துராம்பே அணு ஆராய்ச்சி நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை ஆகியவற்றின் வளர்ச்சியோடு செம்பூரில் பெருகிய தமிழ்க் குடும்பங்கள் என மூவகையினரும் ஒரே நகரில் வாழ்ந்தாலும், மணமுறிவைப் பொறுத்தவரை அவர்கள் வேறுவேறு மரபுகளிலிருந்து வந்தவர்கள். அம்மூவகையினரையும் ஒன்றாகத் தொடும் சிக்கல் இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவேயாகும். அத்தொலைவைச் சட்டம் எவ்வாறு கண்டது, எங்கே காணத் தவறியது என்பதைச் சட்டங்களையும் அச்சேறிய தீர்ப்புகளையும் அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 1995-இல் பெயர் மாற்றம் பெறுவதற்கு முற்பட்ட செய்திகளில் பம்பாய் என்றும், பிற்பட்டவற்றில் மும்பை என்றும் நகரின் பெயர் ஆளப்படுகிறது.

சொற்கள் காட்டும் மரபு

மணமுறிவைக் குறிக்க இன்று பெருவழக்காக உள்ள 'விவாகரத்து' என்னும் சொல் வடமொழியும் அரபியும் கலந்த கூட்டுச்சொல். வக்காலத்து, வாய்தா, ரத்து, ஜாமீன் போன்றவை நீதிமன்றத்தின் வழியே தமிழுக்கு வந்தவை. இச்சொல்லை மட்டும் நோக்குவோர், மணமுறிவே நீதிமன்றத்தோடு வந்த புதுமை எனக் கருதக்கூடும். மக்கள் வழக்கோ வேறு செய்தியைத் தருகிறது. அறுத்துக்கட்டுதல், தீர்த்துவிடுதல் முதலிய சொற்கள் பல சமூகங்களில் மணத்தை முறித்து மறுமணம் செய்யும் வழக்கம் இருந்ததை உணர்த்துகின்றன. ஊர்ப் பெரியோர் கூடிப் பேசி, கொடுத்ததும் வாங்கியதும் கணக்கிட்டு, தாலியைத் திருப்பிக் கொடுத்து, பிற்காலத்தில் முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதிப் பிரிந்தனர். வைதிக மரபைத் தழுவிய சமூகங்களிலோ மணம் பிரிக்கவொண்ணாப் பிணைப்பாகவே கருதப்பட்டது. எனவே, தாராவிக்கு வந்த தமிழர் பலர் மணமுறிவு வழக்கத்தை உடன்கொண்டு வந்தனர் என்றும், மாதுங்காவுக்கு வந்தோர் பலருக்கு அது புதிதாகச் சட்டம் தந்த வழியாக அமைந்தது என்றும் கொள்ளலாம்.

ஆங்கிலேயர் ஆட்சிக்கால நீதிமன்றங்கள் இவ்வழக்கத்தை ஒரே வகையில் நோக்கவில்லை. மணத்தை முறித்துப் பெண்ணுக்கு மறுமண அனுமதி தரும் அதிகாரம் சாதிப் பஞ்சாயத்துக்கு உண்டு என்பதைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1876-இல் ஏற்க மறுத்தது. இருவரும் இசைந்து பிரிந்து மறுமணம் செய்துகொள்ளும் சாதி வழக்கத்தில் ஒழுக்கக் கேடு எதுவுமில்லை எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1894-இல் கருதியது. முதலாவது பஞ்சாயத்தின் அதிகாரத்தைப் பற்றியது. இரண்டாவது கணவன் மனைவியரின் இசைவைப் பற்றியது. ஆகவே இரண்டும் நேர்முரண் அல்ல. ஆயினும் சென்னை மாகாணத்தில் நீதிமன்றத்தின் ஏற்பைப் பெறக்கூடிய ஒரு பிரிவினை பம்பாயில் ஐயத்தோடு நோக்கப்படும் நிலை இருந்தது என்பது கருதத்தக்கது.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 29-ஆம் பிரிவில் வழக்கத்தால் பெறும் மணமுறிவைக் காத்துள்ளது. ஆனால் வழக்கம் உண்டு என்று சொல்வோரே அதை மெய்ப்பிக்க வேண்டும். அது நெடுங்காலமாக, இடையறாது, ஒரே சீராகப் பின்பற்றப்படுவதாகவும், உறுதியும் நியாயமும் உடையதாகவும், பொதுக் கொள்கைக்கு மாறாகாததாகவும் இருத்தல் வேண்டும். ஊரில் இதற்குச் சான்று சொல்ல முதியோர் இருப்பர். மும்பையிலோ அம்முதியோரை அழைத்து வருவதும், தமிழில் எழுதிய விடுதலைப் பத்திரத்தை மொழிபெயர்ப்பதும், அச்சமூகத்தை அறியாத நீதிபதிக்கு அதன் வழக்கத்தை உணர்த்துவதும் பெருஞ்சுமையாகின்றன. சுமையைத் தாங்க இயலாதபோது, விடுதலைப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்த பெண்ணின் இரண்டாம் மணமே கேள்விக்குள்ளாகும். அவள் வாழ்க்கைப்படி கேட்கும் நிலையும் அதனோடு ஆட்டங்காணும்.

பம்பாய் தந்த முன்னோடி வழக்குகள்

இந்தியக் குடும்பச் சட்ட வரலாற்றில் பம்பாய்க்குத் தனியிடம் உண்டு. பதினொரு வயதில் மணம் செய்விக்கப்பட்ட ருக்மாபாய், பருவம் எய்திய பின் கணவனுடன் வாழ மறுத்தார். தாதாஜி பிகாஜி 1884-இல் மணவுறவு மீட்பு வழக்குத் தொடர்ந்தார். 1885-இல் நீதிபதி பின்ஹே அவ்வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு விலக்கப்பட்டது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், ருக்மாபாய் கணவனுடன் வாழச் செல்ல வேண்டும், இல்லையேல் ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பளித்தார். சிறை செல்லவும் அவர் முன்வந்தமை நாடெங்கும் பேசப்பட்டது. 1888-இல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வழக்குச் சமரசமாயிற்று. மணமோ சட்டத்தின் கண்ணில் முறியவில்லை. பின்னர் அவர் இலண்டனில் மருத்துவம் பயின்று சூரத்திலும் இராசகோட்டிலும் பணியாற்றினார். அவர் பிறந்த தச்சர் சமூகத்தில் பெண்ணின் மறுமணத்துக்கு இடமிருந்தது. கைம்பெண்ணான அவருடைய தாய் மறுமணம் செய்துகொண்டவர். ஒரு சமூகத்தின் நெகிழ்ச்சியான வழக்கம் நீதிமன்றத்துக்குள் வந்ததும் எவ்வாறு இறுகியது என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.

இந்துக்களிடையே மணமுறிவுக்குச் சட்டவழி தந்ததிலும் பம்பாய் முந்திக்கொண்டது. பம்பாய் இந்து இருதாரமணத் தடைச் சட்டம் 1946-இலும், பம்பாய் இந்து மணமுறிவுச் சட்டம் 1947-இலும் இயற்றப்பட்டன. சென்னை மாகாணம் இவ்விரு பொருளையும் ஒருசேரக் கொண்ட சட்டத்தை 1949-இல் இயற்றியது. இடைப்பட்ட காலத்தில் மாதுங்காவில் வாழ்ந்த தமிழ்ப் பெண்ணுக்குத் திறந்திருந்த ஒரு வழி கும்பகோணத்தில் வாழ்ந்த அவள் தமக்கைக்குத் திறந்திருக்கவில்லை. 1946-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் இருவருக்கும் தனித்து வாழ்ந்து வாழ்க்கைப்படி பெறும் உரிமையைத்தான் பொதுவாக அளித்தது.

இந்துக்களுக்கு மட்டும் இருதாரமணத்தைத் தடுப்பது சமத்துவத்துக்கு மாறானது என்னும் வாதத்தைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1951-இல் நரசு அப்பா மாலி வழக்கில் மறுத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை உயர்நீதிமன்றமும் தன் மாநிலச் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆயினும் புலம்பெயர்ந்தோர்க்கு நேரடியாகப் பொருந்தும் தீர்ப்பு வேறொன்று. பம்பாய்ச் சட்டம், அம்மாநிலத்தில் நிலையாக உறைபவர் மாநிலத்துக்கு வெளியே சென்று செய்யும் இரண்டாம் மணத்தையும் தடுக்க முனைந்தது. அப்பகுதி செல்லாது எனப் பம்பாய் உயர்நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சாக்ளாவின் கருத்துப்படி, ஒருவருடைய சட்டமுறை நிலையுறைவிடம் இந்தியா முழுமையுமே ஆகும். பம்பாய் உறைவிடம், சென்னை உறைவிடம் என்று தனித்தனியே இல்லை. கோட்பாட்டளவில் இது நாட்டு ஒருமையைக் காட்டும் சீரிய விளக்கமே. எனினும், ஊருக்குப் போய் இரண்டாம் தாலி கட்டி மீண்டும் பம்பாய்க்கு வரும் கணவனின் மனைவிக்குப் பம்பாய்ச் சட்டத்தின் காவல் மாநில எல்லையோடு நின்றுவிட்டது என்பதே இதன் நடைமுறைப் பொருள். 1955-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் அந்த இடைவெளியை மூடியது.

பிரிந்திருத்தலும் கைவிடுதலும்

கணவன் பம்பாயிலும் மனைவி ஊரிலுமாக ஆண்டுக்கணக்கில் வாழ்வது பிழைப்புக்காக வந்தோர் பலரது இல்லறத்தின் வடிவமாகவே இருந்தது. பணவிடைத்தாளும் கடிதமுமே அவ்விரு இடங்களையும் இணைத்தன. இவ்வாழ்வில் எந்த நாள் தொடங்கிப் பிரிந்திருத்தல் கைவிடுதலாகிறது என்பதைக் கண்டறிதல் எளிதன்று.

இதற்கு இந்தியச் சட்டம் கொண்டுள்ள இலக்கணம் பம்பாயில் தோன்றிய ஒரு வழக்கிலிருந்து பிறந்ததே. பிபின்சந்திரா – பிரபாவதி வழக்கில் கணவர் 1947-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டப்படி, மனைவி நான்காண்டுகள் தம்மைக் கைவிட்டார் என்று மணமுறிவு கோரினார். மனைவியோ சௌராட்டிரத்திலுள்ள செட்பூர் என்னும் ஊரில் பெற்றோர் வீட்டில் இருந்தார். உச்சநீதிமன்றம் 1956 அக்டோபரில் அளித்த தீர்ப்பில் கைவிடுதலுக்கு இரண்டு கூறுகளை வகுத்தது. ஒன்று, பிரிந்திருத்தல் என்னும் நிகழ்ச்சி. மற்றொன்று, இல்லறத்தை அடியோடு முடித்துக்கொள்ளும் எண்ணம். இரண்டும் ஒரே காலத்தில், சட்டம் வகுத்த காலம் முழுதும் நீடிக்க வேண்டும். திரும்பிவர மனைவியின் பக்கத்தில் முயற்சி இருந்தும் கணவரே வழியடைத்த நிலையில், வீட்டை விட்டு அவர் சென்றமை மட்டும் கைவிடுதல் ஆகாது என்று மன்றம் முடிவு செய்து, கணவரின் கோரிக்கையை மறுத்தது.

தமிழ்க் குடும்பச் சூழலில் இவ்விலக்கணத்தின் பயன் பெரிது. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதல், நோயுற்ற மாமியாரைப் பேண ஊரில் தங்குதல், அறையின் நெருக்கடியால் ஊரில் இருத்தல் என்னும் இவையெல்லாம் பிரிந்திருத்தலே. ஆயினும் இல்லறத்தை முடிக்கும் எண்ணம் அவற்றில் இல்லை. அதே வேளையில் இவ்விலக்கணம் பெண்ணுக்கு எதிராகவும் திரும்பக்கூடும். பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பம்பாயில் வேறு குடும்பம் தொடங்கிய கணவனின் எண்ணத்தை ஊரிலிருக்கும் மனைவி எதைக் கொண்டு மெய்ப்பிப்பாள்? நின்றுபோன பணவிடைத்தாள்களின் கடைசி அடிச்சீட்டே அவள் கையிலுள்ள சான்றாக இருக்கலாம். 1976-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் இரண்டாண்டுக் கைவிடுதலும் கொடுமையும் இந்து திருமணச் சட்டத்தில் மணமுறிவுக்குக் காரணங்களாயின. இருவர் இசைவால் மணம் முறிக்கும் வழியும் அத்திருத்தத்தால் வந்தது. அதன் பின்னரும் எண்ணத்தை மெய்ப்பிக்கும் சுமை குறையவில்லை.

மணத்தை மெய்ப்பித்தல்

மணத்தை முறிப்பதற்கு முன் மணம் நடந்ததை மெய்ப்பிக்க வேண்டும். மகாராட்டிரத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், இன்றியமையாச் சடங்குகளோ அவற்றுக்கு மாறாக நிலைபெற்ற வழக்கமோ இல்லாத இரண்டாம் மணம் சட்டப்படி நடந்த மணமாகாது என்றும், ஆகவே இருதாரமணக் குற்றம் எழாது என்றும் 1965-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவனைத் தண்டனையிலிருந்து காத்த அதே சடங்குக் குறை, இரண்டாம் மனைவியாக வந்தவளை மனைவி என்னும் நிலையே அற்றவளாக்கியது.

சுயமரியாதைத் திருமண மரபினர்க்கு இதன் பொருள் ஆழமானது. புரோகிதரும் தீவலமும் இல்லாத அம்மணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1950-களின் தொடக்கத்தில் தீர்ப்பளித்திருந்தது. அண்ணா தலைமையிலான அரசு 1967-இல் கொண்டுவந்து, 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றியோ, தாலி கட்டியோ செய்யும் மணம், முன்னர் நடந்தவை உட்பட, செல்லுபடியாயிற்று. ஆனால் அது தமிழ்நாட்டுத் திருத்தம், மகாராட்டிரத்தில் இயற்றப்பட்டதன்று. திருநெல்வேலியில் நடந்த சுயமரியாதை மணத்துக்கு அப்பிரிவின் துணை உண்டு. அதே முறையில் தாராவியில் நடந்த மணத்துக்குச் சமூக வழக்கத்தையோ, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படியான பதிவையோதான் நாட வேண்டும். ஒரே கொள்கையர், ஒரே மேடைப் பேச்சு, ஒரே மாலை மாற்றம். மணப்பந்தல் இருந்த மாநிலத்தைப் பொறுத்துச் சட்டநிலை வேறாகிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. அக்காள் மகளையும், அத்தை மகளையும், மாமன் மகளையும் மணப்பது தமிழர் பலரிடையே உரிமை மணமாகும். இந்து திருமணச் சட்டத்தின் பொது விதிப்படி இவையனைத்தும் தடுக்கப்பட்ட உறவுக்குள் அடங்கும். வழக்கம் இடம் தருவதால் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டில் இதனை விளக்க வேண்டிய தேவை பெரிதும் எழாது. மும்பையில், எதிர்வழக்காடுபவர் மறுக்க நினைத்தால், இவ்வழக்கத்தையும் மெய்ப்பிக்க வேண்டி வரலாம். அன்றியும், அக்காள் மகளை மணந்தவனுக்கு மாமியார் வீடே உடன்பிறந்தாள் வீடு. அங்கு மணமுறிவு என்பது இரண்டு குடும்பங்களின் பிரிவாக இல்லாமல் ஒரே குடும்பம் தனக்குள் பிளவுபடுவதாகிறது. சமரசம் பேச வேண்டிய தாய்மாமனே எதிர்வழக்காளியாக நிற்கிறான்.

எல்லாச் சமயத்தாரின் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என உச்சநீதிமன்றம் 2006-இல் பணித்ததும், தமிழ்நாட்டில் 2009-இல் கட்டாயத் திருமணப் பதிவுச் சட்டம் வந்ததும் இச்சிக்கலைப் பிற்காலத்து மணங்களில் குறைத்துள்ளன. அதற்கு முன் ஊர்க்கோயிலில் மணந்தோர்க்கு அழைப்பிதழும் மொய்ப்புத்தகமும் நிழற்படமுமே ஆவணங்கள்.

சமயச் சட்டங்களும் மாநில எல்லையும்

தாராவித் தமிழருள் கிறித்தவரும் இசுலாமியரும் கணிசமாக உள்ளனர். கிறித்தவர்க்குரிய 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம், மனைவியின் பிறன்வழிச் சேறல் ஒன்றையே காட்டிக் கணவன் மணமுறிவு பெற இடம் தந்தது. மனைவியோ அக்குற்றத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மாவட்ட நீதிமன்றம் அளித்த மணமுறிவை உயர்நீதிமன்றம் உறுதி செய்யும்வரை அது முடிவு பெறாது. கொடுமை மட்டுமே நேர்ந்த கிறித்தவப் பெண்ணுக்கு நீதிமன்றப் பிரிவினை கிடைக்கும், மணமுறிவு கிடைக்காது.

இவ்வேறுபாட்டைக் கேரள உயர்நீதிமன்றம் 1995-இலும், பம்பாய் உயர்நீதிமன்ற முழு அமர்வு 1997-இலும் அரசியலமைப்புக்கு மாறானது எனக் கண்டு அகற்றின. நாடாளுமன்றம் 2001-இல்தான் சட்டத்தைத் திருத்தி, இருபாலர்க்கும் ஒரே காரணங்களையும், இசைவால் மணம் முறிக்கும் வழியையும் அளித்தது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு அதன் ஆட்சி எல்லைக்குட்பட்ட நீதிமன்றங்களையே நேரே கட்டுப்படுத்தும். ஆகவே 1997-க்கும் 2001-க்கும் இடையே தாராவியில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவப் பெண்ணுக்கு அந்நகரில் வழக்கிடுவதே நலமாக இருந்தது.

இசுலாமியப் பெண்ணின் நிலையிலும் மும்பைக்குப் பங்குண்டு. 1986-ஆம் ஆண்டின் சட்டத்தில் கூறப்படும் நியாயமான ஏற்பாடு, இத்தா காலத்தோடு முடிவதன்று; அவளது எதிர்கால வாழ்வையும் கருதியது எனப் பம்பாய் உயர்நீதிமன்ற முழு அமர்வு 2000-இல் விளக்கியது. உச்சநீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு 2001-இல் அதே நோக்கில் தீர்ப்பளித்தது. முத்தலாக் செல்லாது என்னும் தீர்ப்பு 2017-இலும், அதைக் குற்றமாக்கிய சட்டம் 2019-இலும் வந்தன.

எந்த நீதிமன்றம்

இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு 2003-க்கு முன், மணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வாழும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றின் நீதிமன்றங்களையே முதன்மையாகச் சுட்டியது. மும்பையில் மணந்து, மும்பையில் வாழ்ந்து, துரத்தப்பட்டுத் தாய்வீடு சேர்ந்த பெண் இவ்விதிப்படி மும்பைக்கே திரும்பிவந்து வழக்கிட வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஒன்றரை நாள் தொடர்வண்டிப் பயணம், தங்க இடமின்மை, உடன்வர ஆளின்மை, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருமுறை இவையனைத்தும் என எண்ணினால், சட்டம் தந்த உரிமை எட்டாக் கனியாக இருந்தமை விளங்கும். 2003-ஆம் ஆண்டின் திருத்தம், மனுதாரர் மனைவியாயின் அவள் வாழும் இடத்து நீதிமன்றத்திலேயே வழக்கிடலாம் என்றது. புலம்பெயர் குடும்பங்களைப் பொறுத்தவரை, மணமுறிவுக் காரணங்களை விரிவாக்கிய திருத்தங்களுக்கு ஒப்பான சிறப்பு இவ்வோர் உட்பிரிவுக்கு உண்டு எனலாம்.

வாழ்க்கைப்படி வழக்கில் இந்நெகிழ்ச்சி முன்பே வந்துவிட்டது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, 126 பிரிவுகள் மனைவி தான் வாழும் மாவட்டத்திலேயே வாழ்க்கைப்படி கோர இடம் தந்தன. ஆயினும் அத்தொகைக்கு மாதம் 500 ரூபாய் என்னும் உச்சவரம்பு இருந்தது. நடுவண் சட்டத்தில் 2001-இல்தான் அது நீக்கப்பட்டது. 2024 சூலை முதல் இப்பிரிவுகளின் இடத்தைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144, 145 பிரிவுகள் பெற்றுள்ளன. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் பெண் தற்காலிகமாகத் தங்கும் இடத்திலேயே முறையிட வழி செய்கிறது.

கணவன் மும்பையிலும் மனைவி தமிழ்நாட்டிலும் ஆளுக்கொரு வழக்கிட்டால் என்ன செய்வது? ஒரு மாநிலத்து நீதிமன்றத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு உரிமையியல் வழக்கை மாற்றும் அதிகாரம் உச்சநீதிமன்றத்துக்கே உரியது. ஆகவே தாராவிக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட வழக்குக்கு மூன்றாவது ஊராகப் புதுதில்லி வந்து சேர்கிறது. காணொலி வழியே விசாரிப்பது பற்றி உச்சநீதிமன்றம் 2017-இல் இருவேறு கருத்துகளை வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மூவர் அமர்வு பெரும்பான்மையாக, சமரச முயற்சி தோற்ற பின்னரே, உரிய இசைவோடு அது கையாளப்படலாம் என்றது. நேரில் கண்டு பேசுவது சமரசத்துக்கு ஏற்றது என்பது அதன் அடிப்படை. தொலைவைக் கடக்க இயலாதவளின் பக்கம் நின்று நோக்கினால் இதன் மறுபுறமும் புலனாகும்.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி 1989-இல் மும்பையில் குடும்ப நீதிமன்றம் அமைந்தது. இன்று அது தாராவிக்கு அணித்தேயுள்ள பாந்திரா – குர்லா வளாகத்தில் இயங்குகிறது. மணமுறிவு, வாழ்க்கைப்படி, குழந்தைக் காப்பு ஆகியவற்றை ஓரிடத்தில் விசாரிப்பதும், மண ஆலோசகர் வழியே இணக்கம் காண முயல்வதும், வழக்குரைஞரை உரிமையாக அமர்த்தவியலாமையும் இதன் தனித்தன்மைகள். எளியோர் தாமே பேசலாம் என்பதே கடைசி விதியின் நோக்கம். ஆனால் தமிழ் மட்டுமே அறிந்த பெண், மராத்தியும் ஆங்கிலமும் வழங்கும் மன்றத்தில் தானே பேச வேண்டுமெனில் அவ்விதி அவளுக்கு உதவியாகாது. அங்கே மொழியும் ஒரு தொலைவே.

குழந்தை எந்த ஊர்க் குழந்தை

குழந்தைக் காப்பு பற்றிய அடிப்படைச் சட்டம் 1890-ஆம் ஆண்டினது. அதன் 9-ஆம் பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வாழும் இடத்து மாவட்ட நீதிமன்றமே மனுவை விசாரிக்கும். 'வழக்கமாக வாழும் இடம்' என்னும் இத்தொடரின் ஆற்றலை உணர்த்தும் பழைய வழக்கு சென்னையில் எழுந்ததாகும். நாராயணய்யா தம் மைந்தர் சே. கிருட்டிணமூர்த்தி, நித்தியானந்தா ஆகியோரின் வளர்ப்பை 1910-இல் அன்னி பெசன்ட் அம்மையாரிடம் ஒப்படைத்தார். பின்னர் மனம் மாறி அவர்களை மீட்க வழக்குத் தொடர்ந்தார். செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 1913-இல் தந்தைக்கு வெற்றி கிட்டியது. ஆனால் 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை விலக்கியது. சிறுவர் இருவரும் இங்கிலாந்தில் கல்வி பயின்று வாழ்ந்தமையால் அவர்களைச் செங்கற்பட்டு மாவட்டத்தில் வழக்கமாக வாழ்வோராகக் கொள்ள முடியாது என்பதும், அவர்களது விருப்பத்தைக் கேட்டறியவில்லை என்பதும் காரணங்களாயின. தந்தை வாழும் ஊரே பிள்ளையின் ஊர் என்னும் எண்ணத்துக்கு அத்தீர்ப்பில் இடமில்லை.

குழந்தையின் நலனே தலையாயது. தந்தையின் நலனோ தாயின் நலனோ அன்று என்பதைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1941-இல் தெளிவுபடுத்தியது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் 13-ஆம் பிரிவில் அக்கொள்கையை ஏற்றது. ஆயினும் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தந்தையை இயற்கைக் காப்பாளராகவும், 'அவருக்குப் பின்' தாயையும் வைத்தது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும் என்பது அதற்குள் தரப்பட்ட விலக்கு.

இந்த 'அவருக்குப் பின்' என்னும் தொடரே கீதா ஹரிஹரன் வழக்கின் மையம். கோயம்புத்தூரில் பிறந்து பம்பாயிலும் மணிலாவிலும் வளர்ந்த இவ்வெழுத்தாளர், 1984-இல் தம் இளவயது மகன் பெயரில் நிவாரணப் பத்திரம் வாங்க, தாயே காப்பாளராகக் கையொப்பமிட்டு ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். தந்தையின் கையொப்பமோ காப்பாளர் சான்றோ வேண்டும் என வங்கி கேட்டது. 1999 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், அத்தொடருக்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. அவர் பொறுப்பேற்காதபோதும், இருவரும் இசைந்து தாயிடம் பொறுப்பை விட்டபோதும், அவர் தொலைவில் இருந்தோ நோயுற்றோ செயல்பட இயலாதபோதும் தாயே இயற்கைக் காப்பாளர் என விளக்கியது. சட்டத்தின் எழுத்து மாறவில்லை, பொருள் மாறியது. ஊரில் தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு இவ்விளக்கம் பெருந்துணை. ஆயினும் ஒவ்வொரு முறையும் தந்தை 'இல்லாமையை' அவள் காட்ட வேண்டியுள்ளது. தாய் தந்தை இருவரையும் ஒருசேர இயற்கைக் காப்பாளராக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் 2015-இல் பரிந்துரைத்தது.

ஊரில் ஆச்சியிடம் வளரும் குழந்தையின் நிலை இங்குதான் கூர்மை பெறுகிறது. பெற்றோர் இணங்கி வாழ்ந்தபோது பிள்ளையை ஊருக்கு அனுப்பியது, அறையின் நெருக்கடிக்கும் இருவரது வேலைக்கும் ஏற்ற தற்காலிக ஏற்பாடு. பிரிவு நேர்ந்ததும் அவ்வேற்பாடே சட்டச் சான்றாகிறது. தந்தைவழி ஆச்சி வீட்டில் இரண்டாண்டு இருந்தால், 'குழந்தை இங்கேயே பழகிவிட்டது' என்பர். தாய் அழைத்துச் சென்றால், 'கவர்ந்து சென்றாள்' என்பர். மாநகராட்சித் தமிழ்ப்பள்ளியின் வருகைப் பதிவேடும், ஊர்ப்பள்ளியின் மாற்றுச் சான்றிதழும், தடுப்பூசி அட்டையும் அப்போது வெறுந்தாள்களல்ல; குழந்தையின் ஊரைத் தீர்மானிக்கும் ஆவணங்கள். வழக்கு நீளுந்தோறும் குழந்தை இருக்கும் இடத்துக்கே வலிமை கூடுகிறது. ஆகவே காலத்தாழ்வு இரு தரப்புக்கும் ஒப்பானதன்று. குழந்தையைத் தன்னிடத்தில் வைத்திருப்பவர்க்கே அது நன்மை செய்கிறது. பயணச் செலவுக்கு அஞ்சி வாய்தாவைத் தவறவிடும் பெற்றோர், தம் வழக்கோடு குழந்தையையும் இழக்கக்கூடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், மும்பைத் தமிழரின் மணமுறிவு வரலாறு சட்டங்களின் வரலாறாக மட்டும் அமையாமல், இரண்டு ஊர்களுக்கு இடையேயான தொலைவின் வரலாறாகவும் அமைந்துள்ளமை புலனாகும். வழக்கத்தை மெய்ப்பித்தல், எல்லைக்கு வெளியே நடந்த இரண்டாம் மணம், கைவிடுதலின் இலக்கணம், 7அ பிரிவின் எல்லை, நீதிமன்றத் தேர்வு, குழந்தை வாழும் இடம் என ஒவ்வொன்றிலும் அத்தொலைவே வழக்கின் போக்கை மாற்றியுள்ளது. சட்டம் அதனைக் கண்டுகொண்ட இடங்களில், 2003-ஆம் ஆண்டின் உட்பிரிவைப் போல, எளியோர்க்கு உரிமை கைக்கு எட்டியது. காணாத இடங்களில், வசதியுடையவர் வாழும் ஊரே நீதிமன்றத்தின் ஊராயிற்று.

தமிழாய்வாளர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. விடுதலைப் பத்திரம், திருமண அழைப்பிதழ், மொய்ப்புத்தகம், பணவிடைத்தாளின் அடிச்சீட்டு, அதில் எழுதப்பட்ட இரண்டு வரிச் செய்தி ஆகியவை தமிழ்ச் சமூக வரலாற்றின் மூலச்சான்றுகள். தாராவியில் வீடுகள் இடிக்கப்பட்டு மாற்றியமைக்கப்படும் இக்காலத்தில், தகரப் பெட்டிகளில் உள்ள இத்தாள்கள் விரைந்து அழியக்கூடும். அவற்றைத் திரட்டிக் காப்பது ஆய்வுக்குப் பயன்படும். அதனினும் மேலாக, தன் மணத்தையும் தன் பிள்ளையையும் மெய்ப்பிக்க அத்தாள்களையே நம்பியிருக்கும் ஒருத்திக்கு, அவை எத்துணை மதிப்புடையன என்பதை உணர்த்தவும் பயன்படும்.